பாவா எடுத்த பூக்காவடியும் என் ஈ ஆராய்ச்சியும்

ஆடிக் கிருத்திகைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாவா, அதாவது எங்க அக்கா வூட்டுக்காரர், பூக்காவடி எடுத்துக்கினு திருத்தணி மலைப்படி ஏறுவார். நான் தண்ணி பாட்டிலோட கூடவே போகணும்.

மேல போற வரைக்கும் காவடியைக் கீழ இறக்கக் கூடாது. இறக்கினா வேண்டுதல் போச்சு, அடுத்த வருஷம் மறுபடியும் மொதல்லேர்ந்து.

"உன் பூச்சி வேலைய இன்னிக்கு மூட்ட கட்டி வெச்சிடு"ன்னு அக்கா சொல்லித்தான் அனுப்புச்சு.

எனக்குப் பூச்சி போட்டோ எடுக்கற பழக்கம். அதுலயும் குளவி மாதிரியே மஞ்சள் கறுப்பு வரி போட்டுக்கினு ஊரை ஏமாத்தற ஈன்னா உசுரு. கொடுக்கு கிடையாது, வெறும் வேஷம். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். முதுகு வரியைப் பாத்துத்தான் எந்த இனம்னு பிரிக்கணும்.

பாதி மலையில, காவடி சாமந்தி மேல ரெண்டு ஈ வந்து அந்தரத்துல நின்னுச்சு. பாட்டிலைக் கக்கத்துல வெச்சுக்கினு போனை எடுத்தேன்.

"பாவா, ஒரு நிமிஷம் அசையாதீங்க."

"இன்னாடா மச்சான், குளவியா?"

"ஈ பாவா. ரெண்டும் வேற வேற இனம். வரியைப் பாருங்க."

"எங்கடா பாக்கறது, என் தலைக்கு மேல கீது."

அப்போ மூணாவதா ஒண்ணு வந்து, காலையில மொட்டை போட்டுச் சந்தனம் பூசின பாவா தலையிலயே உக்காந்துச்சு. ஒல்லி இடுப்பு, நீள மீசை. இவ்ளோ கச்சிதமா வேஷம் போட்ட ஈயை நான் பாத்ததே இல்ல. யாருமே பாக்காத புது இனம்னு முடிவே பண்ணிட்டேன். என்ன பேர் வெக்கலாம்னுகூட யோசிச்சேன்.

"இது கொட்டுமாடா?"

"கொடுக்கே கிடையாது பாவா. நான் கேரண்டி."

கொட்டுச்சு.

ரெண்டு கையும் காவடியில. காவடி ஒரு பக்கம் சாஞ்சுது. பாவாவுக்குக் கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. நிக்கறது முருகன் படின்னு ஞாபகம் வந்து, அதை "அரோகரா"ன்னு மாத்திக் கத்தினார்.

பின்னாடி வந்த கூட்டமே "அரோகரா"ன்னுச்சு.

ரெண்டாவது கொட்டு. இன்னும் பெரிய "அரோகரா".

ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கினு, "சாமி வந்துடுச்சுங்க, வழி வுடுங்க"ன்னாங்க. கிடைச்ச வழியில பாவா காவடியோட ஓடின ஓட்டத்துக்குத் தண்ணி பாட்டிலால ஈடு குடுக்க முடியல.

மேல போய்ப் பாத்தா காவடி செலுத்தியாச்சு, வேண்டுதல் முடிஞ்சுது. பாவா மொட்டையில எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம். ரெண்டு பேர் அவர்கிட்ட துன்னூறு வாங்கிக்கினு இருந்தாங்க. பாவா என்னைப் பாத்த பார்வையில மட்டும் சாமி இல்ல.

இப்பல்லாம் வீட்ல எது பறந்தாலும் பாவா என்னைத்தான் கூப்ட்டுக் கேக்கறார். நான் குளவின்னா, உக்காந்து டீ குடிக்கறார். ஈன்னா, எழுந்து ஓடறார்.