வாபஸ் அக்காவும் சிப்ஸ் கம்பெனியும்

ஆரணியில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று பலகை மாட்டியிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அதைக் கழற்றி உள்ளே வைத்தார்கள் என்றால், அதற்கு ஒரே ஒரு பெண்மணிதான் காரணம். எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்த வாபஸ் அக்கா. அவருடைய நிஜப்பெயர் ஆதார் அட்டைக்குத் தெரியும். எங்களில் யாருக்கும் தெரியாது.

புளித்த தயிர், ஓடாத கடிகாரம், உப்புக் கூடிய சாம்பார் எதுவானாலும் வாங்கின இடத்துக்கே திரும்பிப் போகும். அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள், "பையன் வேணாங்க, இட்டுகினு பூடுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தாராம். தெருவில் இன்றும் சொல்கிறார்கள்.

அப்போது நான் எதிரிலிருந்த பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளன். அந்த ஆவணியில் ஒருநாள் மதியம் மழை வெளுத்து வாங்கியது. தெருவின் கால்வாய் அடைத்துக்கொண்டு, அத்தனை தண்ணீரும் அக்காவின் கடைக்குள் புகுந்தது. மறுநாள் கல்யாணம் ஆகப்போகும் ஒரு பெண்ணின் ஆரி வேலை செய்த ரவிக்கை சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது. அக்கா வேறு துணி எடுத்து, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் தைத்துக் கொடுத்துக் கல்யாணத்தை ஒப்பேற்றிவிட்டார். ஆனால் அந்தப் பெண் ஈர ரவிக்கையை அணைத்துக்கொண்டு அழுதது அவர் மனசை விட்டுப் போகவில்லை.

மழை விட்டதும் நகராட்சி ஊழியர் வந்து கால்வாயைக் கிளறினார். அள்ள அள்ள சிப்ஸ் பாக்கெட்டுகள். எல்லாம் ஒரே கம்பெனி. தெரு நகராட்சியைத் திட்டியது. நகராட்சி தெருவைத் திட்டியது. அக்கா மட்டும் ஒரு பாக்கெட்டைக் கழுவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"தம்பி, செய்யார்னு அட்ரஸே போட்டுகீறான் பாரு. வழில ஒரு பர்ஸ் கெடந்து, உள்ள அட்ரஸ் இருந்தா இன்னா பண்ணுவ?"

"கொண்டுபோய் குடுப்பேன்க்கா."

"அவ்ளோதான். முடிஞ்சிது."

முடியவில்லை, அன்றுதான் ஆரம்பித்தது. தெருவில் கிடந்த பாக்கெட்டுகளை எல்லாம் பொறுக்கி, கழுவி, கடை முன்னால் கொடி கட்டிக் காயப்போட்டார். வெயிலில் அவை வெள்ளியாக மின்னியதைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர் என்ன திருவிழா என்று விசாரித்துவிட்டுப் போனார். காய்ந்த சரக்கோடு அக்கா பஜாரிலிருந்த அந்தக் கம்பெனியின் ஏஜெண்டிடம் போய் நின்றார்.

"இன்னாக்கா இது? நான் சரக்கு எறக்கறவன். குப்பை எடுக்கறவன் இல்ல."

"சரக்கு எறக்கற லாரி திரும்பிப் போவசொல்ல இன்னா ஏத்திகினு போவுது?"

"காலியாத்தான் போவுது."

"அப்ப எடம் கீது. பேஜார் பண்ணாம ஏத்தி வுடு."

ஏஜெண்ட் ஏற்றவில்லை. அக்கா விடவில்லை. அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே ஏஜெண்ட் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். பாவம், வாடிக்கையாளர்கள் குனிந்து குனிந்து வியாபாரம் செய்தார்கள்.

இதற்கிடையில் ரவிக்கை தைக்க வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனியே அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றார். அக்காவுக்கு அது போதாதா? என் வார விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு மூட்டைகளோடு செய்யார் பஸ் ஏறிவிட்டார்.

தொழிற்பேட்டையில் கம்பெனி கேட்டிலேயே வாட்ச்மேன் மறித்தார். "உள்ள இருக்கறவங்க பொருளு. குடுக்க வந்துகீறோம்" என்றார் அக்கா. பொருள் தேடி வந்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாட்ச்மேன் குழம்பிப்போய் மேனேஜரையே கூட்டிவந்தார்.

மேனேஜர் பொறுமையான மனிதர். "மேடம், சட்டம் எங்களுக்கும் தெரியும். நாங்க விக்கிற பாக்கெட் அளவுக்குப் பிளாஸ்டிக்கைச் சேகரிக்க வேற ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சிருக்கோம். அவங்க கரெக்டா செஞ்சிடறாங்க."

"எங்க செய்யறாங்க?"

"வேற ஊர்ல."

"ஏன் சார், என் கடைல பூந்த தண்ணிய வேற ஊர்ல எறைச்சா, என் கடை காஞ்சிடுங்களா?"

மேனேஜர் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிகிற மணி அடித்தது.

கேட் திறந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஆரணிப் பக்கத்துப் பெண்கள். முதலில் வந்தவள் நின்றாள். "அய்ய, நம்ம அக்கா! இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?" பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பாதிப் பேர் போட்டிருந்தது அக்கா தைத்த ரவிக்கை. விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. கல்யாண ரவிக்கை மிதந்த கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்; அந்த மணப்பெண்ணும் அதே கம்பெனியில் வேலை செய்கிறவள்தான். அவளே முன்னால் வந்து, "சார், அது என் ஜாக்கெட்டுதான் சார்" என்றாள்.

கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தன. ஒருத்தியும் ஏறவில்லை. "அக்காவுக்குப் பதில் சொல்லுங்க சார், ஏறிடறோம்." மேனேஜர் பெண்களைப் பார்த்தார், பஸ்களைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். தனியாகப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சரிம்மா. ஆரணி லாரி இனிமே காலியா வராது. ஏஜெண்ட்கிட்ட சொல்லிடறேன். பாக்கெட்டை அவர் கடைலயே வாங்கிப்பார்."

பெண்கள் போட்ட கூச்சல் ஆரணியையும் தாண்டிக் களம்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று நாங்கள் ஊர் திரும்பியது கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், வழிநெடுகப் பாட்டோடு.

அடுத்த வாரம் லாரி சரக்கை இறக்கிவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது தெருவே நின்று கை தட்டியது. ஏஜெண்ட் ஷட்டரை முழுசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, என்னமோ தன் யோசனை மாதிரி எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டே தன் தையலுக்குத் திரும்பினார்.

எங்கள் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "கம்பெனிக்காரனுங்களுக்கு இப்படித்தாம்மா புத்தி சொல்லணும்" என்று அக்காவை வாயாரப் பாராட்டினார். அக்கா பணிவாகக் கேட்டுக்கொண்டு, பைக்குள் கையை விட்டு, எங்கள் கடைப்பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்த பிளாஸ்டிக் புடவைக் கவர்களைக் கத்தையாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் உங்க பேருங்க. ஜல்தியா எண்ணி உள்ள வெச்சுக்கோங்க."

முதலாளி முகம் போன போக்கைப் பார்த்து நான் புடவை அடுக்குக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். தீபாவளிக்கு எங்கள் கடைப் புடவைகள் துணிப்பையில்தான் போயின. அந்தப் பைகளைத் தைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வருடம் கார்த்திகையிலும் மழை கொட்டியது. கால்வாய் கலகலவென்று ஓடியது. அக்காவின் கடைப்படி நனைந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன். ஆனாலும் என் மனைவி ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் இருவரும் ஆரணிக்குத்தான் பஸ் ஏறுகிறோம். வேலூரில் தையல்காரர்களுக்குப் பஞ்சமா? அக்கா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, அரை மணி நேரமாவது அவரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தால்தான் எனக்கு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது.