ஓரிடத்தில் நிற்காத ரூட்டர்

கடலூர் முதுநகர்,
புரட்டாசி 20.

அன்பு மச்சான் அறிவழகனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் கொளஞ்சியப்பன் எழுதுவது. இங்கே நானும் தனமும் சுகம். அங்கே பெங்களூருவில் நீயும் தீபிகாவும் குழந்தையும் சுகமாக இருக்கத் திருவதிகை வீரட்டானேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். ஒரே டெலிபோன் கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்க்கும்போது மாமா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் "அதில்ல மாமா" என்று குறுக்கே வந்துவிட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது.

உனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் நான் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறேன் என்று தெரிந்தால்தான் என் பாடு உனக்கு விளங்கும். முன்பெல்லாம் கடலூருக்கு ஒரு ரூட்டர், சிதம்பரத்துக்கு ஒரு ரூட்டர். பீரோ உயரத்துக்கு நிற்கும். ஊர்ஜனம் பேசுகிற பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் போகும். மக்கர் செய்தால் போய் முன்னால் நிற்பேன், கார்டைப் பிடுங்கித் தூசி ஊதிச் செருகுவேன், ஓடும். போன ஆடியில் இரண்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனி ரூட்டர் என்பது சாமான் இல்லை, சாஃப்ட்வேர். ஊருக்கொரு சர்வர் இருக்கும், இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ரூட்டர் ஏதாவது ஒன்றில் குடியிருக்கும், எதில் இருப்பது என்று பெங்களூருவில் கன்ட்ரோலர் என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் முடிவு செய்யும் என்றார்கள். ஓர் அறையில் சூடு ஏறினாலோ சர்வர் நின்றாலோ ரூட்டர் தானாகவே அடுத்த ஊருக்கு மாறிக்கொள்ளுமாம். மாறுகிற இரண்டு நிமிஷம் இரண்டு ஊரிலும் பேச்சு அறுந்துபோகும், அவ்வளவுதானாம். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சூட்டுக் கணக்கை எழுதியது நீதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு உங்கள் கன்ட்ரோல் ரூமிலிருந்து சுவாதி கூப்பிட்டது. நம் ஆபீஸ்களுக்கு மட்டும் தனி லைன் என்பதால் அது எப்போதும் அறுவதில்லை. "சார், காலையில சிதம்பரத்துலேருந்து ரூட்டர் தானா உங்க ஊருக்கு வந்திருக்கு. ஏன்னு தெரியல. சர்வர் ரூம்ல ஒருக்கா பாத்துருங்க" என்றது. கதவைத் திறந்து உள்ளே போனேன். பச்சை விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தால், "சார், அது இப்ப கடலூர்ல இல்ல. சிதம்பரம் போயிடுச்சி" என்கிறது. "எப்பம்மா போச்சி? நான் இப்பதான உள்ள போனேன்?" என்றேன். "நீங்க போன உடனேதான் சார்" என்றது அந்தப் பெண். மேனேஜர் செந்தமிழ்செல்வன் புதுச்சேரியிலிருந்து அதே லைனில் வந்து, "சிதம்பரம் போங்க, விடாதீங்க" என்றார், ஏதோ திருடனைத் துரத்துவது போல. பைக்கை எடுத்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று அந்தப் புரட்டாசி வெயிலில் மண்டை காய்ந்துபோய்ச் சிதம்பரம் ஆபீஸில் இறங்கி, கதவைத் திறந்து, பச்சை விளக்கைப் பார்த்து, போனை எடுத்தால், சுவாதி தயங்கித் தயங்கிச் சொல்கிறது: "சார், தப்பா நெனைக்காதீங்க. இப்பதான் கடலூருக்குக் கெளம்பிச்சி." இருபத்தேழு வருஷ சர்வீஸில் என்னைக் கண்டு ஒரு மிஷினும் ஓடியதில்லை மச்சான்.

திரும்பிக் கடலூர் வந்து சேர மணி ஒன்றேகால். வராந்தாவில் தேவனாம்பட்டினத்துத் தங்கம்மாள் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தது. விடியற்காலையில் ஃபைபர் போட்டில் தனியாகக் கடலுக்குப் போன புருஷனுக்கு நடுவில் இன்ஜின் நின்றுவிட்டதாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறதாம். "பத்தரைக்கு ஒருக்கா கூப்புட்டாரு. இன்ஜின் நின்னுபோச்சின்னாரு, எந்தப் பக்கம் கெடக்கறன்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சி. பன்னண்டு மணி வாக்குல மறுபடியும் கூப்புட்டாரு. பேட்டரி ஒரு கோடுதான் இருக்குன்னாரு, அதோட போச்சி. எடம் தெரியாம எந்தப் பக்கம்னு போயி தேடுவாங்க? நாலு போட்டு கரையில ரெடியா நிக்குது" என்றது. கடலுக்குள்ளே டவர் எப்போதோ ஒரு தரம்தான் எட்டும். எட்டிய இரண்டு தரமும் நம் கம்பெனி அறுத்திருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு யுத்தி செய்தார். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஆள் நின்றால் ரூட்டர் எங்கே ஓடும்? சிதம்பரத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த நம் லைன்மேன் அரசுவை எழுப்பி, அங்குள்ள சர்வர் அறைக்கு அனுப்பினார். இங்கே நான், அங்கே கையில் அப்பளத்தோடு அரசு, இரண்டு பேரும் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நின்றோம். அவ்வளவுதான். ரூட்டர் இங்கே வருகிறது, அங்கே போகிறது, மறுபடி இங்கே வருகிறது. கால் மணி நேரம் கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "சார், எனக்குத் தல சுத்துது" என்று சுவாதி அழாத குறை.

வராந்தாவில் ஆபீஸ் போன் அடித்தது. வெளியே வந்தேன், கதவு என் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. மேனேஜர் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே தங்கம்மாளின் போன் அடித்தது. "ஐயோ, அவருதான்! ஏங்க, எந்தப் பக்கம் கெடக்கறீங்க?" என்று கத்தியது. மேனேஜர், "உள்ள போயி சர்வர ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். நான் கதவைத் திறந்தேன். பேச்சு அறுந்தது. தங்கம்மாள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தது. "ஏய்யா, நீ கதவ தொறந்தாதான்யா கட்டாவுது! ஒனக்குக் கண்ணு தெரியல?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சூடு பார்க்கிற கருவியைக் கான்ட்ராக்ட்காரன் ஏசிக்கு எதிரே மாட்டாமல், கதவு நிலைக்கு நேர் மேலே மாட்டிவைத்திருக்கிறான். கதவைத் திறந்தால் வெளி அனல் முதலில் அதன் முகத்தில்தான் அடிக்கும். அறையே பற்றி எரிகிறது என்று நினைத்து உன் கன்ட்ரோலர் ரூட்டரை அடுத்த ஊருக்குத் துரத்திவிடும். சிதம்பரத்திலும் அதே ஆள், அதே இடம். காலையில் அங்கே பெருக்க வந்த அம்மா கதவைத் திறந்ததில் ஆரம்பித்திருக்கிறது. மிச்சத்தையெல்லாம் செய்தது நான்.

கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அரசுவுக்கு ஆபீஸ் லைனில் போன் போட்டு, "கதவச் சாத்திட்டுப் போயி மிச்சத்த சாப்புடுறா" என்றேன். மேனேஜர், "கொளஞ்சியப்பன், இது ஆர்டர். உள்ள போங்க" என்றார். "மாட்டேன் சார். இன்னிக்கு நான் ஒண்ணும் செய்யறதா இல்ல" என்றேன். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எதிரே தங்கம்மாளும் தரையில் உட்கார்ந்தது. இருபது நிமிஷம் இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டே காலுக்கு அடித்தது. "குடிகாட்டு பேக்டரி புகைக்கூண்டு நேர் மேற்கால தெரியுதா? ரெண்டு கூண்டும் ஒண்ணா தெரியுதா, தனித்தனியா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வாசலுக்கு ஓடியது. அந்த அடையாளத்தை வைத்துத் தேடிப் போய், நாலு மணிக்குள் அந்த போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்துவிட்டார்கள். மறுநாள் ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே அந்த ரூமுக்குள்ள போவாதய்யா" என்று சொல்லிவிட்டுப் போனது.

மேலதிகாரி உத்தரவை மீறியதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. அதைக் காட்டினால் உன் அக்கா, "எந்தம்பி எழுதுனதுல என்னாத்த தப்பு? கதவ தொறந்தது நீங்கதான?" என்கிறாள். ஆகவே மச்சான், உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். தானாக இடம் மாறுகிற அந்த ஏற்பாட்டை அடியோடு எடுத்துவிடு. கடலூர் ரூட்டர் கடலூரிலேயே கிடக்கட்டும். முடிந்தால் அந்தப் பழைய பீரோ எந்த குடோனில் இருக்கிறது என்று விசாரித்து அனுப்பிவை.

தீபிகாவை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீ எழுதுவதெல்லாம் எழுதினபடியே ஓடவும், அதற்கு முன் ஒரு தரம் யாராவது படித்துப் பார்க்கவும் பகவான் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கொ. கொளஞ்சியப்பன்

பி.கு: இந்தக் கடிதத்தை எழுதிவைத்துத் தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் பேய்மழை. நேற்று மத்தியானம் நம் கடலூர் ஆபீஸுக்குள் முழங்கால் தண்ணீர், சர்வர் முங்கிவிட்டது. நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பதறிப்போய்ச் சுவாதியைக் கூப்பிட்டால், "ரூட்டர் அப்பவே சிதம்பரம் போயிடுச்சி சார். ரெண்டு நிமிஷந்தான் லைன் இல்ல" என்கிறது. பழைய பீரோவாக இருந்தால் ஒரு வாரம் ஊரே ஊமையாகியிருக்கும். அதனால் மேலே எழுதியது ஒன்றையும் செய்துவிடாதே. ஆபீஸில் ரூட்டருக்குத்தான் புத்தி இருக்கிறது. தண்ணீர் வடியவில்லை, நான் இன்னும் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.