நாயை வெட்டியது யார்?

படிக்காத புத்தகத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. படிக்காத புத்தகத்துக்காக மேடையில் சண்டை போட்டவள் நான் ஒருத்திதான்.

சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, நூலகத்திலிருந்து ஒரு சிறுவர் துப்பறியும் நாவலை எடுத்துவந்து அண்ணன்தான் வாசித்துக் காட்டினான். ஊட்டி பங்களாவில் மரகத மாலை காணாமல் போகும். திருடனை எங்கள் ஊர் இராஜபாளையம் நாய் ஒன்று மடக்கும். அவன் சுட்டதில் செத்துப்போகும். அரிப்பை மறந்து அந்த நாய்க்காக அழுதேன். (மூக்கைத் துடைக்க வேப்பிலைதான் கிடைத்தது.)

அண்ணன் ராணுவத்துக்குப் போனான், ஓய்வுபெற்று வந்தான், போன வருடம் இறந்தும் போனான். அவன் குரல் கொஞ்சங்கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது. நாய் சாகும் இடத்தைப் படித்தால் அது திரும்பக் கேட்கும் என்று நம்பினேன். திருத்திய பதிப்பு வந்ததும் வாங்கினேன். ட்ரங்க் கால் செல்போனாகியிருந்தது, குதிரைவண்டி காராகியிருந்தது. நாயைக் காணோம்.

விடுவேனா? ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் இரண்டு பதிப்பையும் ஒப்பிட்டுப் பேசப் பெயர் கொடுத்தேன். (பழைய பதிப்பு கையில் இல்லை. நெஞ்சில் இருக்கிறதே, போதாதா?) அண்ணன் மனைவியான மதினியையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். மைக்கைப் பிடித்ததும், "நம்ம ஊர் நாயை வெட்டிட்டாங்க!" என்று முழங்கினேன்.

பின்வரிசையில் ஒருவர் பதறி எழுந்தார். "எந்தத் தெருவுலம்மா? போலீஸ்ல சொல்லியாச்சா?"

சிரிப்பு அடங்கியதும், நூலகர் பழைய பதிப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுலயும் நாய் இல்லையேம்மா."

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். இல்லை. ஊட்டிக் குளிரில் இராஜபாளையம் நாய்க்கு என்ன வேலை என்று இத்தனை வருடம் இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. எல்லாம் அண்ணன் விட்ட சரடு. அவன் குரலைத் தேட இனிப் புத்தகமே கிடையாது என்று தோன்றியதும், மைக்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மதினி மெல்லக் கேட்டார். "ஏட்டி, அந்த நாய் செத்தா போச்சு? கல்யாணமான புதுசுல அவிய எனக்குச் சொன்னப்ப, அது பொழச்சு வீட்டுக்கு வந்துருச்சே!"

இப்போது எங்கள் வீட்டில் யார் கதையளந்தாலும், "இது பழைய பதிப்பா, திருத்திய பதிப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் ஏக்கம் வந்தால் மதினியிடம் போய் அவர் பதிப்பைச் சொல்லச் சொல்வேன். அண்ணன் மாதிரியே இழுத்து இழுத்துச் சொல்வார். நாய் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேரும் இடத்தில் இரண்டு பேருமே வாசலைப் பார்ப்போம்.