முள் சிவப்பைத் தொட்ட முகூர்த்தம்

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் மரியாதையும், இப்போதைக்குக் கோபமும் ஜாஸ்தியாக நிறைந்த மச்சான் பலராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாஞ்சாலையின் கணவன் முருகையன் கும்பிட்டு எழுதுவது. அண்ணாமலையார் அருளால் இங்கு எல்லோரும் சுகம். பாஞ்சாலை மட்டும் உங்கள் மகள் கல்யாணத்தன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதையும் சுகத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. நீங்களும் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு அவளை மட்டும் அழைத்திருக்கிறீர்கள். ரிடையர்டு ஆன மனுஷன் ஒண்டியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும் கொடுமையைத் தவிர்க்கவே இக்கடிதம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பழைய காரில் எல்லாம் உண்டு, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் மட்டும் இல்லை. காயலான் கடையில் ஒன்று பளபளவென்று என்னையே பார்த்தது. வாங்கிவிட்டேன். அது மூன்று சிலிண்டர் வண்டியினுடையது, என் வண்டிக்கு நாலு என்பது மெக்கானிக் தசரதன் ஒயரை இழுத்து மாட்டிய பிறகுதான் தெரிந்தது. பந்தியில் மூன்று இலையை ஒரு வரிசை என்று எண்ணிப் பழகியவனை நாலு இலை பந்தியில் விட்டது மாதிரி அது எல்லாவற்றையும் கூட்டியே எண்ணியது. வண்டி சும்மா நிற்கும்போதே முள் ஆயிரத்து இருநூறு காட்டும், நிஜத்தில் தொள்ளாயிரம்தான். "காட்டறதுல கால் பங்கு கம்மி பண்ணிப் படிங்க சார், சரியா வந்துடும்" என்றான் தசரதன். முள் மீட்டரின் கடைசியில் உள்ள சிவப்பைத் தொட்டால் எஞ்சின் காலி என்றும் சொன்னான். இரண்டையும் மனப்பாடம் செய்தேன்.

மாப்பிள்ளையை லாட்ஜிலிருந்து மண்டபத்துக்கு என் காரில்தான் அழைத்து வருவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது இந்த மீட்டரைக் காட்டத்தான், மச்சான். அன்று காலையில் பாஞ்சாலை வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். உங்கள் வீட்டுப் பெண்கள் வட்டமாக எதைக் கண்டாலும் பொட்டு வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மீட்டர் கண்ணாடியிலும் வைத்தாள், சரியாக நாலாயிரத்தின் மேல், எட்டணா அகலத்துக்கு. அன்றைக்குப் பௌர்ணமி வேறு. மண்டபம் இருக்கும் அடி அண்ணாமலை போகிற வழியெல்லாம் கிரிவலக் கூட்டம். முதல் கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்தேன், முள் ஏறுது, ஏறுது, சிவப்பைத் தொட்டுடுச்சு. கால் பங்கும் மறந்தது, அது உங்கள் தங்கை வைத்த பொட்டு என்பதும் மறந்தது. எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, துண்டால் விசிறினேன். ஆறியதும் கிளப்பினால் நாலடியில் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் துண்டு.

மாப்பிள்ளை மாறன் பொறுமைசாலி. கடைசியில், "மாமா, நீங்க வண்டிய பாத்துக்குங்க, நான் நடந்தே போயிடறேன்"னு இறங்கிட்டார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, செருப்பு என் காரில். கூட்டம் அவரை வேண்டுதல்காரர் என்று நினைத்துவிட்டது. ஒரு அம்மா குழந்தையைக் கையில் கொடுத்து ஆசீர்வாதம் கேட்டாராம். அன்னதான வரிசையிலும் தள்ளிவிட்டார்களாம். நீங்கள் ஆரத்தித் தட்டோடும் நாதஸ்வரத்தோடும் வாசலில் தவிக்க, அவர் புளியோதரைத் தொன்னையோடு முகூர்த்தத்தின் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த விவரம் இதுதான். தாலி கட்டும்போது விரலில் எண்ணெய் இருந்ததற்கும் நானே பொறுப்பு. இருந்தும் முடிச்சு நழுவவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உண்மையைச் சொல்கிறேன், மச்சான். நம் கல்யாணப் பெண் அபிநயா மணவறையில் அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் தூக்கி வளர்த்த பெண். அன்றைக்கே மீட்டரைக் கழற்றிவிட்டேன். இனி என் காரில் அது ஏறாது, அண்ணாமலையார் மேல் ஆணை. என்னையும் விருந்துக்குக் கூப்பிடுங்கள். கடைசிப் பந்தியில் மூலை இலை போதும்.

மணமக்கள் எஞ்சின் சூடேறாமல் நெடுவழி போக வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்காக நியூட்ரலில் நிற்கும்,
முருகையன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையும் அபிநயாவும் உங்கள் காரில் வந்து காலில் விழுந்தார்கள். எழுந்ததும் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "மாமா, அந்த மீட்டர் எங்க?" ஆணையை நான் மீறவில்லை, என் காரில் அது ஏறவில்லை. உங்கள் வண்டிக்கும் நாலு சிலிண்டர்தான். பொருத்தியது மாப்பிள்ளை, பொட்டு வைத்தது அபிநயா, நான் டார்ச் மட்டும் பிடித்தேன். மறக்காமல் கால் பங்கு கழித்துப் படிக்கவும். திட்டுவதாக இருந்தால் முதலில் புது மாப்பிள்ளையைத் திட்டி முடித்துவிட்டு என்னிடம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் வீட்டில்தான் இருப்பேன், மாப்பிள்ளையே கூப்பிட்டிருக்கிறார்.