வழக்கண்ணையின் கழுதையும் றீத்தாவின் வீடும்

மன்னார்த் தீவில் வழக்குப் போட்டே சிநேகிதம் வளர்த்த ஒரே மனிதர் எங்கள் வழக்கண்ணைதான். மற்றவர்கள் கோபம் வந்தால் நீதிமன்றம் போவார்கள். இவர் அன்பு வந்தால் போவார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை.

ஓலைத்தொடுவாய்க் கரையில் ஒரு மீன்பிடி போட்டும் கொஞ்சம் வலையும் வைத்திருந்தார். நான் அப்போது மன்னார் டவுனில், நீதிமன்றத்துக்கு அருகே, ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் சட்ட உதவிக் கந்தோரில் வேலை பார்த்தேன். சட்டத்தரணி மிஸ், நான், ஒரு மின்விசிறி. மூவரில் அதிகம் சத்தம் போடுவது மின்விசிறிதான்.

எல்லாம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், வழக்குத் தாக்கல் செய்பவர்கள் கட்டும் காசில் ஒரு பங்கை எடுத்து ஏழைகளுக்குச் சட்டத்தரணி வைக்கலாம், கூடுதல் நீதிபதிகளையும் நியமிக்கலாம் என்று விளக்கினார். இது வெறும் யோசனைதான் என்று கடைசியில் சொன்னார். அதைக் கேட்க வழக்கண்ணை அங்கே இல்லை. பங்கு என்றதுமே எல்லாம் விளங்கிவிட்டதென்று எழும்பிப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிடிக்கிற மீனில் கோயிலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது எங்கள் கரை வழக்கம். அந்தப் பங்கைக் கொடுக்காமல் மறுநாள் கடலில் இறங்க எவருக்கும் மனம் வராது. இனி நீதிமன்றத்துக்கும் ஒரு பங்கு என்று வழக்கண்ணை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்த கிழமையே நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. வேறு யாராவது என்றால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருப்பார்கள். இவர், இஞ்சின் ஸ்டார்ட் ஆனால் ஒரு வழக்குப் போடுகிறேன் என்று நேர்ந்தார். பாழாய்ப்போன இஞ்சினும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது!

நேர்த்திக்கடனை நிறைவேற்ற எதிராளி வேண்டுமே. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவர் திருநாளுக்கு உடுத்தும் சேட்டை ஒரு கழுதை தின்றிருந்தது. தெருவில் திரியும் மன்னார்க் கழுதைக்கு ஏது சொந்தக்காரன்? நீதிமன்றத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சாகுல் நானாவிடம் போனார். பெண் கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு பாரை மீனோடு போய், "நானா, உங்கட மேல ஒரு வழக்குப் போடலாமெண்டு நினைக்கிறன். வீட்டில எல்லாருக்கும் சம்மதமோ?" என்று கேட்டார். நானாவும் வீட்டில் கலந்து பேசி, கழுதை தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து கழுதை கடை வாசலில் விற்காத பாண் ரொட்டி தின்று கொழுத்தது.

பிறகு மனிதரை நிறுத்த முடியவில்லை. மழை பெய்தால் ஒரு வழக்கு, பேரனுக்குக் காய்ச்சல் விட்டால் ஒரு வழக்கு. அறிமுகமில்லாதவர்மேல் போடமாட்டார், அது மரியாதையில்லையாம். வழக்குத் தவணை நாளில் எதிராளிகளைத் தன் செலவிலேயே ஓட்டோவில் ஏற்றி வருவார். வழக்குக் கிடைக்காத சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்கள். நீதிபதி ஒருமுறை இருமிவிட்டார் என்று எங்கள் கந்தோருக்கு இஞ்சியோடு வந்து நின்றார். மிஸ் தலையில் கைவைத்து, இதெல்லாம் இன்னும் யோசனைதான் அண்ணை, உங்கள் காசு எங்களுக்கு வரவில்லை என்றார். போய்ச் சேரப் பிந்தும், பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னார் வழக்கண்ணை.

பிறகும் அவர் நிறுத்தாததற்குக் காரணம் றீத்தாதான். கடலில் கணவனைப் பறிகொடுத்தவள். நண்டுக் கொம்பனியில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அவள் வீட்டுக் காணி தனக்குத்தான் என்று கணவனின் தமையன் கிணற்றோடு சேர்த்துப் பாதிக்கு வேலி போட்டுவிட்டான். அவளை எங்களிடம் கூட்டி வந்தவரே வழக்கண்ணைதான். நீதிபதியோ ஒரே ஒருவர், பக்கத்து ஊர் நீதிமன்றத்தையும் அவரே பார்க்க வேண்டும். றீத்தாவின் வழக்குத் தவணைக்குமேல் தவணை போனது. இன்னொரு நீதிபதி வந்தால் அவளுக்கு விடிவு வரும் என்று வழக்கண்ணை மேலும் மேலும் வழக்குப் போட்டார்.

ஒருநாள் தமையன், இந்தத் தவணையும் தள்ளிப்போனால் மறுநாளே கூரையைப் பிரிப்பேன் என்று சொல்லியனுப்பினான். நாங்கள் நீதிமன்றம் போனோம். அன்று முதலில் எடுத்தது கழுதை வழக்கு. பழைய வழக்கு முன்னால்தானே வரும். சேட்டின் நிறம் என்ன, கழுதை முதலில் கையைத் தின்றதா கொலரைத் தின்றதா என்று வழக்கண்ணை எழுந்து நின்று விளக்கிக்கொண்டே இருந்தார். றீத்தாவுக்கு முந்தியே அவர் போட்ட மற்ற வழக்குகளும் வரிசையில் காத்திருந்தன. இடைவேளை விட்டபோது, இன்றைக்கு உங்கள் வழக்கு எடுபடாது என்று உள்ளே இருந்த எழுதுவினைஞர் சொல்லிவிட்டார்.

றீத்தா வராந்தாவில் அப்படியே குந்திவிட்டாள். என்ன நடந்தது என்று வழக்கண்ணை ஓடி வந்தார்.

"அண்ணை, உங்கட கழுதை எனக்கு முன்னால நிக்குது," என்றாள் றீத்தா. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். இஞ்சின் நின்ற அன்றுகூட அவர் இப்படிப் பயந்திருக்கமாட்டார்.

நீதிபதி திரும்பி வந்து அமர்ந்ததும் வழக்கண்ணை கையைத் தூக்கினார். தன் வழக்குகள் எல்லாவற்றையும் மீளப்பெறுவதாகச் சொன்னார். எல்லாவற்றையுமா என்று நீதிபதி கேட்டார். சாட்சி சொல்லப் புதுச் சாரம் உடுத்து வந்திருந்த சாகுல் நானா பதறி எழும்பி, அப்படியென்றால் கழுதை யாருக்கு என்று கேட்டார். கழுதையை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"கட்டின காசைத் திருப்பித் தர வேண்டாமய்யா," என்றார் வழக்கண்ணை. "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நேர்ந்ததைத் திரும்ப எடுத்தால் பாவமோ?"

அது இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, பங்குச் சுவாமியிடம் கேளுங்கள் என்றார் நீதிபதி, சிரிக்காமல்.

காலைப்பொழுதில் பெரும்பங்கு மிஞ்சிவிட்டது. றீத்தாவின் வழக்கு எடுபட்டது. தமையன் கூரையில் கை வைக்கக்கூடாதென்று அன்று மத்தியானமே தடை உத்தரவு கிடைத்தது. கொஞ்ச மாதங்களில் வீடும் கிணறும் அவளுக்கென்றே தீர்ப்பானது. அன்று வழக்கண்ணை நீதிமன்ற வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கும் போடவில்லை. எனக்குத்தான் மனவருத்தம். கழுதைக்குக்கூடக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லையே. போன மாதம் கண்டபோது கேட்டேவிட்டேன். என்மேலும் ஒன்று போடுங்கோவன் அண்ணை என்றேன்.

"உங்கட மேல போடாமல் வேற ஆர்மேல போடப்போறன், பிள்ளை?" என்றார். "வரிசையில ஒரு றீத்தாவும் இல்லாத நாளாப் பார்த்துச் சொல்லுங்கோ, அண்டைக்கே வாறன்."

ஒவ்வொரு கிழமையும் நீதிமன்றம் போய்ப் பார்க்கிறேன். வராந்தாவில் யாராவது ஒருத்தி வழக்குப் பைலை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். வரிசை தீர்ந்து என் முறை வரும்வரைக்கும் அந்த மனிதர் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.