சர்வருக்குப் புகை போட்ட துர்தாகுன் அத்தா

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில் ஓஷ் பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் கார் நுழைய வழியில்லை. வந்தவர்கள் நோயாளிகளா? பிள்ளை வரம் கேட்பவர்களா? அதுதான் இல்லை. அத்தனை பேரும் கணினிப் பொறியாளர்கள். படித்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. ஒருவன் சர்வர் பெட்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவன் காணிக்கைக்கு ஆட்டுக்கடா ஒன்றைக் கயிற்றில் பிடித்திருக்கிறான். அந்த இடத்தில் சந்தேகத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தது கடா மட்டும்தான்.

உள்ளே இருந்தவர் துர்தாகுன் அத்தா. அத்தா என்றால் எங்கள் ஊரில் பெரியவர். இணையதளங்களுக்குக் கண்ணேறு கழிப்பவர்.

எங்கள் ஊர்க் கணினிக்காரர்களிடம் ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. எந்த வேலை மக்கர் செய்தாலும், "மேளம் தட்டி ஆடினாத்தான் இது ஓடும்" என்போம். சும்மா சிரிப்புக்குத்தான். ஒருவர் நிஜமாகவே கைமேளத்தோடு வந்து நின்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பணப்பையை எடுத்தோம். எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள்!

விஷயம் இதுதான். இணையதளத்தை யாரும் அடிமண்ணிலிருந்து கட்டுவதில்லை. எவரோ தயாராகச் செய்து தரும் சட்டகம் ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டுகிறோம். அவ்வப்போது அந்தச் சட்டகத்துக்குப் புதிய பதிப்பு வரும். பழையதில் இருந்த ஓட்டைகளை அதில் அடைத்திருப்பார்கள். மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? மாற்றினால் தளம் படுத்துவிடும். ஏன் படுக்கிறது? "கண்ணேறு" என்றார் அத்தா. நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம்.

நான் வேலை பார்க்கும் அலுவலகம் சின்னது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுத் தளத்தை நாங்கள்தான் நடத்துகிறோம். எங்கள் முதலாளி சமுதின். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரைப் பைகே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தம்பி ஜிர்காலும் அந்த மருத்துவமனை நோயாளி. போன முறை நாங்கள் பதிப்பை மாற்றியபோது, 'தொடர் சிகிச்சைக்காரர்களுக்கு முதலிடம்' என்று நாங்கள் எழுதியிருந்த விதி காணாமல் போனது. முறை வந்து நின்ற ஜிர்காலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்து, செத்துப் பிழைத்தான் பாவம். அதிலிருந்து புதிய பதிப்பு என்றாலே பைகேக்கு உதறல்.

மாற்றாமலும் இருக்க முடியாது. பழைய சட்டகத்தின் ஓட்டை வழியாக எவனாவது நுழைந்து நோயாளிகளின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தை விற்றுவிடலாம். மருத்துவமனை கெடு வைத்துவிட்டது.

"அத்தாவக் கூப்பிடுவோம்," என்றார் பைகே. "அவர் கை வெச்ச தளம் ஒண்ணுகூட விழுந்ததில்லையாம்."

"அது எப்படி பைகே, ஒண்ணுகூட விழல?" என்றாள் சைகல். எங்களோடு நிரல் எழுதுபவள். வாய் கொஞ்சம் நீளம். "வீட்டுக்குச் சுவரு மாத்தினா ஒரு ஆணியாவது உதிரும். எதுவுமே உதிரலன்னா, மாத்தினாரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

"வாய மூடு! என் தம்பி உசுரு இது."

"அதனாலதான் கேக்குறேன். நிஜத் தளத்துல வேணாம் பைகே. அச்சு அசலா ஒரு நகல் போட்டுத் தர்றேன். மொதல்ல அதுல செஞ்சு காட்டட்டும். சரியா வந்துச்சுன்னா கடாவ நானே ஓட்டிட்டு வர்றேன்."

பைகே முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். நகல் என்ற விஷயத்தை அத்தாவிடம் சொல்லக் கூடாது என்று மட்டும் சைகல் கேட்டுக்கொண்டாள்.

அத்தா வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மேளம், மறு கையில் புகை போட அர்ச்சா மரக் குச்சிக் கட்டு. தோளில் புத்தம் புதிய மடிக்கணினி. ஆவிகளோடு பேச மேளம் போதுமென்றால் மடிக்கணினி எதற்கு என்று எவனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"புதுப் பதிப்பு எங்கம்மா?"

"சர்வருக்குள்ளயே வெச்சிருக்கேன் அத்தா. 'புதுசு'ன்னு பேரு போட்டிருக்கேன்," என்றாள் சைகல், பூனை மாதிரி.

அர்ச்சா புகைந்தது. மேளம் அதிர்ந்தது. அத்தா சர்வரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரையில் இருந்த தீயெச்சரிக்கை மணி வீல் என்று அலறியது.

"பாத்தீங்களா? கெட்ட ஆவி கத்துது!" என்றார் அத்தா.

எங்கள் கணக்காளர் கண்ணில் நீரோடு கும்பிடாத குறையாக நின்றார். பக்தியா, புகையா, யாருக்குத் தெரியும்?

"இப்ப புதுப் பதிப்பு எறங்குற நேரம். மனுசக் கண்ணு படக்கூடாது. எல்லாரும் வெளிய போய் போர்சோக் தின்னுட்டு இருங்க."

முற்றத்தில் உட்கார்ந்து போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளைச் சுடச்சுடத் தேநீரில் நனைத்துத் தின்றோம். பைகே மட்டும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

கதவு திறந்தது. "வாங்க! குழந்த சுகமாப் பொறந்தாச்சு!"

ஓடினோம். தளம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலிடம் தரும் விதி இருந்தது. ஜிர்கால் பெயர் இருந்தது. மூலையில் புதிய பதிப்பின் எண் மின்னியது. எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி "ஓமீன்" என்று வேண்டுதலை முடித்தோம். பைகே தேம்பியேவிட்டார்.

"அத்தா," என்றாள் சைகல், "புதுப் பதிப்ப நீங்களேதான் எறக்கினீங்களா?"

"என் கையால."

"முழுசா?"

"கடைசி எழுத்து வரைக்கும், மகளே."

"அப்பச் சொல்லுங்க, வெங்காயத்த எந்த நெறம் வர்ற வரைக்கும் வதக்கணும்?"

அத்தா விழித்தார். சைகல் 'புதுசு' என்ற கோப்புறையைத் திறந்தாள். உள்ளே சட்டகமும் இல்லை, மண்ணும் இல்லை. லக்மான் என்னும் நூடுல்ஸ் குழம்பின் செய்முறை இருந்தது. மாவை இழுப்பது எப்படி, ஆட்டிறைச்சியை எப்போது சேர்ப்பது, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குவது, எல்லாம் விவரமாக.

"இது எங்கம்மா பக்குவம். இத எறக்கித்தான் நம்ம தளம் புதுப் பதிப்பு ஆயிருக்கு பைகே!"

"ஆவிங்களுக்குச் சாப்பாடு பிடிக்கும்," என்று முனகினார் அத்தா. அந்த நிலையிலும் மனிதர் சளைக்கவில்லை.

அத்தா கை வைப்பதற்கு முன்பே, காலையில் எடுத்து வைத்திருந்த இன்னொரு பிரதியையும் இப்போதிருப்பதையும் சைகல் திரையில் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டினாள். எல்லாம் அப்படியே பழையது. ஒரே ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. பதிப்பு எண். எதையும் மாற்றாதவன் கை வைத்தால் எது விழும்? எங்களுக்கு முன்னால் அவர் 'காப்பாற்றிய' தளங்களிலெல்லாம் அந்த ஓட்டை இன்னமும் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

"இங்க நம்பிக்கையில்லாத ஆள் நிக்குது, அதான்..." என்று தொடங்கிய அத்தா, பைகே சட்டைக் கையை மடிப்பதைப் பார்த்ததும் மேளத்தைக்கூட எடுக்காமல் வெளியேறினார். அந்த வேகத்தைப் பார்த்தால் ஆவி பிடித்தது அவரைத்தான் என்று தோன்றியது.

பைகே நாற்காலியில் சரிந்தார். "அப்ப போன தடவ என் தம்பி எடத்த முழுங்கினது எது?"

"நம்ம கைதான் பைகே," என்றாள் சைகல். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "நம்ம விதியத் தனியா எழுதி வெக்காம, சட்டகத்தோட சொந்தக் கோப்புலயே கிறுக்கினோம். புதுசு வந்து அந்தக் கோப்பு மேல உக்காந்ததும் நம்ம கிறுக்கல் போச்சு. கண்ணேறும் இல்ல, காத்துகருப்பும் இல்ல."

பிறகு உண்மையான வேலை நடந்தது. எங்களிடம் இருந்த பழைய பதிப்பை, யாரும் தொடாத அசல் பழைய பதிப்போடு ஒப்பிட்டோம். எங்கே வித்தியாசமோ அங்கே நாங்கள் கை வைத்திருக்கிறோம். விரல் விட்டு எண்ணக்கூடிய கோப்புகள்தான். அவற்றில் இருந்த எங்கள் விதிகளைத் தனிக் கோப்புகளாகப் பிரித்தோம். நகலில் புதிய பதிப்பை இறக்கினோம். இரண்டு இடத்தில் இடித்தது. திட்டிக்கொண்டே சரிசெய்தோம். அதற்குப் பிறகுதான் நிஜத் தளத்தைத் தொட்டோம். புகை இல்லை, மேளம் இல்லை. மணியும் கத்தவில்லை.

வியாழக்கிழமை ஜிர்கால் மருத்துவமனை வாசலில் பெயரைச் சொன்னான். "உள்ள வாங்க," என்றார்கள். அவனோடு போன பைகே அங்கிருந்தே சைகலைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "உள்ள விட்டுட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னாராம்.

அத்தா இப்போது கைப்பேசிகளுக்குப் புகை போடுகிறாராம். அங்கேயும் கூட்டமாம். போகிற மகராசர்களே, தாராளமாகப் போங்கள். போகும் முன் அவர் எதைத்தான் மாற்றினார் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அதைத் திறக்கத் தெரியாது என்றால் மண்டையையாவது திறவுங்கள். அதற்குப் புதிய பதிப்பு எவனும் அனுப்பப் போவதில்லை.