ஆகவே ஜோபின் சாவான்

“எம் புள்ள எப்ப சார் சாவான்? தேதியும் போட்டுக் குடுத்துட்டா நல்லா இருக்கும்.”

ஏழாம் வகுப்பு வாசலில் ஜோபினின் அம்மா ரோசி அவன் நோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். ‘எல்லா மனிதரும் சாவர். ஜோபின் மனிதன். ஆகவே ஜோபின் சாவான்.’ பக்கத்திலேயே சிவப்பு மையில், ‘மிக நன்று!’

தேவப்பிரியம் சார் அசரவில்லை. பைபிளோடு லத்தீனும் தர்க்கமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி விம்கோ நகரில் அது ஒன்றுதான். அங்கே தர்க்கத்துக்கு அவர் ஒருவர்தான். அந்த நினைப்பு அவர் நடையிலேயே தெரியும்.

“இது கிரேக்கர் காலத்து உதாரணம்மா. பசங்களுக்கு நெருக்கமா இருக்கட்டுமேன்னு ஜோபின் பேரைப் போட்டேன்.”

“சாவு நெருக்கமா வேற வரணுமா? மாத்து சார்!”

சார் இரண்டாவது வரியில் ஒரு வார்த்தை சேர்த்தார். ‘ஜோபின் மனிதன் அல்ல.’

“பாருங்க, இப்ப அவன் சாவான்னு யாரும் சொல்ல முடியாது.”

“இன்னா சார், எம் புள்ள மனுசனே இல்லியா? மாட்டுக்கா தெனமும் டை கட்டி அனுப்பினுகீறேன்?”

சார் பெருந்தன்மையாக ஒரு முடிவுக்கு வந்தார். ‘அல்ல’வை எடுத்துவிட்டு, வகுப்பில் எல்லோரையும் ஜோபின் பெயரை அடித்து அந்த இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். ‘ஆகவே தேவப்பிரியம் சார் சாவார்.’ ரோசி திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

முப்பது நோட்டும் முப்பது வீட்டுக்குப் போயின. மறுநாள் காலை சாத்துக்குடிப் பையும் கண்ணீருமாகப் பெற்றோரின் ஜெபக்குழு பள்ளியில் வந்து இறங்கியது.

“டாக்டரு கைய விரிச்சிட்டாராமே சார்?”

பிரின்சிபால் தேவகிருபை அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

“போதும் சார். இந்தத் தர்க்கப் பாடத்தையே நிறுத்திடலாம்.”

தர்க்கம் போனால் சாருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. நோட்டை மேசைமேல் விரித்துத் தட்டினார்.

“மேடம், பைபிள் படிச்சவங்க, பட்டம் வாங்கினவங்க, யார் வேணா வரட்டும். இந்த மூணு வரியில ஒரே ஒரு தப்பு காட்டட்டும். இப்பவே ராஜினாமா எழுதித் தரேன்.”

டீ வைக்க வந்த ஆயா பூவம்மா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“மொத வரியே தப்பா கீதே சார். ஏனோக்கும் எலியாவும் சாவாமலே மேல போனாங்கன்னு பைபிள்ல போட்டுகீதே?”